எந்த ஊர்த் தூள்

நூற்றுப் பதினான்கு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை.

ரபீகா கம்ப்யூட்டர்த் திரையை அன்னலட்சுமியின் பக்கம் திருப்பிவைத்தாள். வெளியே கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் ஐப்பசி மழை கொட்டியது. "நுவர, நுவர" என்று கண்டிக்கு ஆள் கூவிய பஸ் கண்டக்டரின் குரலும் மழையில் நனைந்துதான் உள்ளே வந்தது.

"நல்லாப் பாருங்க மாமி. இந்தா, நூத்திப் பதினாலு. எல்லாரும் பாத்துட்டுப் போயீக்கிறாங்க. ஒத்தரும் வாங்கல்ல."

"விலை கூடவோ பிள்ளை?"

"விலை கூடயெண்டு ஒத்தராச்சும் எழுதியிருக்கணுமே. அதுவும் இல்ல."

கதவோரக் கதிரையில் சுந்தரி சேலைத் தலைப்பால் ஈரக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "படத்துல காரம் தெரியுமா பாப்பா? மூக்குக்கிட்ட வந்தாத்தான தூளு. கண்ணாடிக்குள்ள இருந்தா அது குங்குமம்" என்றாள். மூவரும் சிரித்தார்கள். வியாபாரம் நடக்காதபோதும் சிரிக்க முடிந்த நாட்கள் அவை.

அவர்கள் திறந்த கடைக்குக் கதவும் இல்லை, தட்டும் இல்லை. இன்டர்நெட்டில் ஒரு பக்கம். அதில் வெள்ளைக் கோப்பை நிறையக் கருஞ்சிவப்பாய் மிளகாய்த்தூள். லண்டனிலோ கனடாவிலோ இருப்பவர்கள் அதைப் பார்த்து அங்கிருந்தே காசைக் கட்டினால், கண்டியிலிருந்து தபாலில் பொதி போகும். அப்படித்தான் ரபீகா விளங்கப்படுத்தியிருந்தாள். சந்தியில் மூன்று கம்ப்யூட்டரும் போனுமாய்க் கொமினிகேஷன் கடை நடத்திய பிள்ளை அவள். மிளகாய் மில் தாஸிமின் மகள்.

தூள் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அன்னலட்சுமிக்கு ஊர் யாழ்ப்பாணத்துச் சுழிபுரம். கணவர் சுந்தரலிங்கம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராகக் கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். பிறகு ஊர் திரும்ப யுத்தம் விடவில்லை. வருடத்துக்கு ஒரு தகரம் தூளைத் தங்கச்சி சுழிபுரத்திலிருந்து அனுப்புவாள். இரண்டாயிரத்து ஆறில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டியதும் தூளும் நின்றது. தானே வறுத்துப் பார்த்தாள். கண்டி ஈரத்தில் மிளகாய் நமுத்து, தூள் பச்சை மணம் மணத்தது.

அப்போதுதான் மேல்வீட்டுச் சுந்தரி வந்தாள். கலகெதரப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள். நகரசபையில் வேலை செய்த கணவன் கறுப்பையா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு தாஸிமின் மில்லில் வறுப்பதும் அரைப்பதுமாய் இருந்தவள். தாச்சியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"அக்கா, இது உங்க ஊரு வெயிலுக்கு வறுக்கிற வறுவல். இந்த மழைக்கு இது பத்தாது. நகருங்க."

முதல் நாள் முழுக்க மிளகாயை அடுப்பின் மேல் தட்டில் போட்டு ஈரம் வாங்கவைத்தாள். மறுநாள் மல்லியை மெல்லிய நெருப்பில் வறுத்தாள். அவள் மல்லியைப் பார்த்து வறுப்பவள் அல்ல, கேட்டு வறுப்பவள். தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். சலசலவென்றிருந்த சத்தம் கலகலவென்று மாறியதும் இறக்கிவிடுவாள். மிளகாய்க்கு ஒரு சிட்டிகை உப்பு, புகை கமறாமலிருக்க. கறிவேப்பிலை ஒடித்தால் 'டிக்' என்று முறிய வேண்டும். மில்லில் அரைத்த தூளை அரித்து, அன்றைக்கே ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்கள். பக்கவாதம் வந்து வாய் கோணிப்போயிருந்த சுந்தரலிங்கம் இரண்டாம் முறை சோறு கேட்டார். "தங்கச்சியின்ரை தூள் இதுக்குக் கிட்டவும் வராது" என்றார்.

இரண்டு பெண்களுக்கும் பழக்கம் பழையது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது, தாஸிம் இரண்டு குடும்பத்தையும் மில்லின் மிளகாய்ச் சாக்கு அறையில் ஒளித்துவைத்தான். வெளியே ஆட்கள் தடிகளோடு திரிய, உள்ளே தும்மல் வந்தால் ஒருத்தியின் வாயை மற்றவள் பொத்துவாள். சுந்தரிக்கு அப்போது கலியாணமாகி மூன்று மாதம். அன்றிலிருந்து அன்னலட்சுமி அவளுக்கு லச்சுமியக்கா.

இரண்டு நாள் கழித்து, "மாமி, ஒரு கடிதம் வந்தீக்கிது" என்றாள் ரபீகா. திரையைப் பார்த்து வாசித்தாள். "எந்த ஊர்த் தூள்? ஆர் வறுக்கிறது? சரோஜினிதேவி, ரொறன்ரோ."

"தூளைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"அதத்தான் கேக்கிறாங்க. ஆளத் தெரியாம எப்பிடி வாங்கிய? நானும் நெட்டுல எதும் வாங்கியெண்டா, கீழ அட்ரஸ் ஈக்கிதா, போன் நம்பர் ஈக்கிதா, முந்தி வாங்கின ஆளுங்க எனத்த எழுதியீக்கிறாங்க, எல்லாம் பாத்துத்தான் வாங்குவேன். தொட்டுப் பாக்க ஏலாதே. ஒங்கட முகத்தப் போடுவோம் மாமி. ஊரையும் போடுவோம்."

சுந்தரலிங்கத்துக்கு இது துப்புரவாய்ப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

"உனக்கென்ன விசரே? கலவரத்துக்கை கேற்றிலை இருந்த பேர்ப்பலகையைக் கழட்டித்தான் இந்த வீடு தப்பினது. பாலத்தடிச் செக்பொயின்ரிலை ஐடென்ரிகாட்டைக் காட்டேக்கை ஊர்ப்பேரைப் பெருவிரலாலை மறைச்சுக்கொண்டு நீட்டுற நீ, இப்ப உலகத்துக்கே எழுதிக் காட்டப் போறாயே?"

"அங்கை காட்டினால்தானே வாங்குதுகள் எண்டு சொல்லுறாள்."

"எண்டால் ஒண்டு செய். இஞ்சை ஒளி, அங்கை காட்டு. நல்ல சீவியம்!"

படம் எடுத்த அன்று மழை விட்டிருந்தது. சேலையைத் தெரிவுசெய்தவள் சுந்தரி. கரை வைத்த பழைய ஊதாச் சேலை. "நெத்தி வெறுமனே இருக்குக்கா" என்று சொல்லித் திருநீறும் இட்டுவிட்டாள். அன்னலட்சுமி தாச்சிக்கு முன்னால் அகப்பையோடு இருந்தாள். தாச்சி ஆடியபோது சுந்தரி குனிந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். ரபீகா எடுத்தாள். கொமினிகேஷனுக்கு வந்து திரையில் பார்த்தால் ஓரத்தில் சுந்தரியின் கையும் இருந்தது.

"உன்ரை படத்தையும் போடுவமே சுந்தரி?"

ரபீகா பார்வையைத் தாழ்த்திக் கீபோர்டைத் துடைத்தாள். சுந்தரி அதைக் கவனித்தாள்.

"எனக்கெதுக்குக்கா? அவங்க உங்க ஊரத்தான தேடுறாங்க."

"அதுவும் சரிதான்."

அந்தச் சரியை அன்னலட்சுமி கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட வாய் மூடுமுன்னமே சொல்லிவிட்டாள். ரபீகா படத்திலிருந்து அந்தக் கையை வெட்டி எடுத்தாள். "கைய வெட்டிப்புட்டியே பாப்பா, நாளைக்கு எதால வறுக்கிறது?" என்று சுந்தரி கேட்க, அன்றும் மூவரும் சிரித்தார்கள்.

'சுழிபுரம் அன்னலட்சுமியின் கைப்பக்குவம். தானே நின்று வறுத்தது.' இப்படி எழுதிப்போட்ட நான்காம் நாள் முதல் ஓடர் வந்தது. ரொறன்ரோ சரோஜினிதேவிதான். அவள் வாங்கித் தன் சமையலில் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தின் அடியில் நான்கு வரி எழுதினாள். தான் மூளாய்க்காரி என்றும், இந்த அம்மா பக்கத்து ஊர் என்றும், தூள் அசல் எங்கடை தூள் என்றும். பிறகு பாருங்கள், அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு லண்டன் வாங்கியது, பாரிஸ் வாங்கியது, சூரிச் வாங்கியது. தை பிறக்குமுன் வாரத்துக்கு நாற்பது கிலோ. சுந்தரி மில் வேலையை விட்டுவிட்டு முழுநாளும் அன்னலட்சுமியின் குசினியிலேயே நின்றாள். இரண்டு வீட்டு உலையும் அந்த ஒரு தாச்சியால் கொதித்தது.

பொதியைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோவது ஒரு தனிக்கூத்து. வாசலில் காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரர் குண்டுப் பயத்தில் ஒவ்வொன்றையும் பிரிக்கச் சொல்வார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆட்டிப் பார்ப்பார். முதல் நாள் அவர் தும்மத் தொடங்கி, வரிசையே தும்மி, "அம்மே, மிரிஸ்!" என்று மிளகாயை வைதபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த நாளிலிருந்து கம்பியைச் சுந்தரியிடமே நீட்டிவிட்டு எட்ட நின்றார். அவளே குத்திக் காட்டி, அவளே திரும்ப ஒட்டுவாள். "எங்க தூளுக்குப் பொலிசும் பயம்" என்பாள் வீட்டுக்கு வந்து.

பக்கத்தில் எழுதிப்போட்ட வீட்டுப் போன் நம்பருக்குப் பின்னேரங்களில் அழைப்பு வரும். பாதிப்பேர் தூளுக்கு எடுப்பதில்லை. சுழிபுரத்தில் எந்தப் பக்கம், பறாளாய்க் கோயிலுக்குக் கிட்டவோ, இன்னாரைத் தெரியுமோ. அன்னலட்சுமி சலிக்காமல் சொல்வாள். சொல்லச் சொல்லத் தூள் போகும். அவர்கள் வாங்கியது தூளை மட்டுமல்ல, கதைக்க ஒரு ஊர்க்காரியையும் என்பது அவளுக்கும் விளங்கித்தான் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் சுந்தரலிங்கத்தை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். திரும்பிவரப் பொழுதுபட்டுவிட்டது. சுந்தரி ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அக்கா, கனடா சரோஜினியம்மா போன் எடுத்தாங்க. மக கல்யாணமாம். முப்பது கிலோ கேட்டாங்க."

"நீ என்ன சொன்னனீ?"

"வறுத்துடலாம்னேன். யாரு பேசுறதுன்னாங்க. நாந்தாங்க தூள் வறுக்கிறவ, சுந்தரின்னேன். எந்த ஊருன்னாங்க. கலகெதரப் பக்கம் தோட்டம்னேன். அப்புறம் வச்சிட்டாங்க. லைன் போயிருச்சு போல."

அன்னலட்சுமி கையிலிருந்த ரொட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். லைன் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். சுந்தரிக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தவள் தெரியாததுபோல் சொன்னதுதான் மரியாதை.

மூன்றாம் நாள் பின்னேரம் போன் அடித்தது. அடுப்படியில் சுந்தரி கலியாணத் தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். அன்னலட்சுமி விறாந்தைக் கதிரையில் இருந்து எடுத்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ," என்றாள் சரோஜினிதேவி. "அண்டைக்குக் கதைச்ச ஆள் ஆர்?"

"ஏன் தங்கச்சி?"

"தான்தான் வறுக்கிறன் எண்டு சொல்லுது. தோட்டத்து ஆளாம். நான் இஞ்சை எத்தினை பேருக்குச் சொல்லி வாங்குவிச்சனான் தெரியுமே? சுழிபுரத்து மனுசியின்ரை கை எண்டுதானே சொன்னனான். நீங்கள் பொய் எழுதியிருக்கிறியள் எண்டால் எனக்கெல்லே மரியாதை கெட்டுப்போம். இல்லையெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. அது காணும்."

வெளிநாட்டுக்குக் கதைப்பதென்றால் உரத்துக் கதைக்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். ரொறன்ரோ தூரம்தானே. அன்னலட்சுமியும் அப்படித்தான் தொண்டையைத் திறந்து சொன்னாள்.

"சீச்சீ! அது வீட்டிலை வேலைக்கு நிக்கிற ஆள் தங்கச்சி. அதுக்கு என்ன தெரியும்? தாச்சி கழுவி வைக்கிறது. வறுக்கிறது முழுக்க நான்தான்."

குசினியில் அகப்பையின் சத்தம் நின்றது. ஒரு மூச்சு எடுத்துவிடும் நேரம்தான். பிறகு மல்லி மறுபடி சலசலத்தது. கருகவிடவில்லை அவள்.

அன்றைக்கு வறுக்க வேண்டியது முழுவதையும் வறுத்தாள். அரைத்து வந்து, அரித்து, பொதிசெய்து, வாயை ஒட்டி அடுக்கினாள். பிறகு தாச்சியைச் சாம்பல் போட்டு, கரி எல்லாம் போகத் தேய்த்து, கவிழ்த்து வைத்தாள்.

"கழுவி வச்சிட்டேன்க்கா" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.

கட்டிலிலிருந்து சுந்தரலிங்கம் கோணல் வாயால் மெல்லச் சொன்னார்: "நீ கதைச்சது எனக்கே கேட்டது, அன்னம்."

மறுநாள் சுந்தரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் பார்த்துவிட்டு அன்னலட்சுமி மேலே ஏறிப்போனாள். சுந்தரி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டு, கருப்பட்டித் துண்டோடு பால் விடாத பிளேன்ரீ கொடுத்தாள். அதுதான் அன்னலட்சுமிக்குக் கூடுதலாய்ச் சுட்டது.

"வியாபாரத்துக்குச் சொன்னனான் சுந்தரி. மனசிலை இருந்து சொல்லேல்லை."

"தெரியும்க்கா."

"முப்பது கிலோவும் போயிருக்கும். அவளாலைதானே இவ்வளவு சனமும் வாங்குது."

"அதுவுந் தெரியும்க்கா. படத்துல போடாதப்ப நான் கோவிச்சேனா? பேரு போடாதப்பக் கோவிச்சேனா? ஊரு பேரு பாத்துத்தான் வாங்குவாங்கன்னா பாக்கட்டும், நமக்கு அடுப்பு எரியுதுல்லன்னு இருந்தேன். வேலக்காரின்னு சொன்னீங்க, அதுகூடப் போகட்டும். வேல செய்றவதான நான். ஒண்ணுந் தெரியாதுன்னீங்க பாருங்க... எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதாங்க்கா. அதயும் எடுத்துட்டீங்களே."

அன்னலட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன செய்ய வேணும், சொல்லு."

"அந்தம்மாவுக்குப் போன் எடுங்க. வறுத்தது சுந்தரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஊருக்கெல்லாம் எழுதிப்போட வேணாம். அந்த ஒரு ஆள்கிட்ட சொன்னாப் போதும். நாளைக்கே வந்து சட்டிய வைக்கிறேன்."

"சொல்லுறன்" என்றாள் அன்னலட்சுமி.

சொல்லத்தான் நினைத்தாள், பிள்ளைகளே. அவளைக் கெட்டவள் என்று எண்ணிவிடாதீர்கள். அன்று போனைக் கையில் எடுத்து, நம்பரில் பாதிவரைக்கும் அழுத்தினாள். சொன்னால் சரோஜினிதேவி வாங்குவதை விடுவாள். அவள் விட்டால் அந்த நான்கு வரியை அழிப்பாள். அழித்தால் லண்டனும் பாரிசும் போகும். சுந்தரலிங்கத்தின் மருந்து மேசையில் இருந்தது. கலியாணம் முடியட்டும் என்று வைத்துவிட்டாள். கலியாணம் முடிந்ததும் புதுவருசம் வரட்டும் என்றாள். சுந்தரி இரண்டு கிழமை காத்திருந்தாள். பிறகு மில்லுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று ரபீகா வந்து சொன்னாள்.

"வாப்பா சந்தோஷப்பட்டாரு மாமி. எனக்குத்தான் ஒரு மாதிரி ஈக்கிது. அந்தக் கைய வெட்டினது நான்தானே."

வந்துகொண்டிருந்த ஓடருக்கு அன்னலட்சுமி தானே வறுத்தாள். சுந்தரி நிற்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்று பார்த்தாள். மல்லி அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் கருகியது, ஒருநாள் பச்சையாய் நின்றது. சித்திரை மழைக்குத் தூள் கட்டிபட்டது. கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி, தயிர் கேட்டார். திரும்ப அனுப்பப் போகிறார்கள், வாய்க்கு வந்தபடி எழுதப் போகிறார்கள் என்று அவள் பயந்துகொண்டே பொதிகளை ஒட்டினாள். உள்ளுக்குள் ஒரு மூலையில் அதை எதிர்பார்த்தும் இருந்தாள். அப்படி எழுதிவிட்டால் சுந்தரியைக் கூப்பிட வேறு வழியே இல்லாமல் போகும் அல்லவா?

ஒருவரும் திரும்ப அனுப்பவில்லை. வைகாசியில் ரபீகா கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். லண்டனிலிருந்து ஒருவர், அதே மணம் என்று எழுதியிருந்தார். சூரிச்சிலிருந்து ஒரு பெண், அம்மாவின் குசினி நினைவு வந்து அழுததாக எழுதியிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே சரோஜினிதேவி: 'முந்தினதைவிட இந்த முறை இன்னும் திறம். அக்கா தானே நின்று வறுத்தது என்று நாக்குக்குத் தெரிகிறது.'

அன்னலட்சுமி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அங்கேயே, கொமினிகேஷன் போனிலேயே, ரொறன்ரோவுக்கு எடுக்கச் சொன்னாள்.

"தங்கச்சி, ஒரு உண்மை சொல்லவேணும். முந்தி வந்த தூள் முழுக்கச் சுந்தரி வறுத்தது. அண்டைக்குப் போன் எடுத்த பிள்ளைதான். அது எனக்கு வேலைக்காரியும் இல்லை. இப்ப வந்ததுதான் என்ரை வறுவல். அது நல்லாயில்லை."

அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எணேய் அக்கா! உங்களுக்குப் பெரிய மனசு. கூட நிக்கிற ஆளுக்குப் பேரை விட்டுக்குடுக்கிறியள். எங்களுக்குத் தெரியாதே? நாங்கள் சாப்பிடுறனாங்களெல்லே! வாற மாசத்துக்குப் பத்துக் கிலோ போடுங்கோ."

போனை வைத்துவிட்டு அவள் நேரே மில்லுக்கு நடந்தாள்.

மில் வாசலில் சனம் நின்றது. சிங்களப் பெண்கள் இருவர், தொப்பி போட்ட ஒரு கிழவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு ஆசிரியை. மெஷின் கடகடத்தது. சுந்தரி தலையில் துணி கட்டி, முழங்கைவரை சிவந்துபோய் நின்றாள். கேட்பவர்களுடைய உள்ளங்கையில் ஒரு சிட்டிகை தூளை வைப்பாள். அவர்கள் நக்கிப் பார்த்துவிட்டு, "சுந்தரி அக்கே, பாகயக் தென்ன" என்று அரைக்கிலோ கேட்பார்கள். கிழவர் மட்டும், "போன கிழம இதவிடக் காரமா இருந்திச்சே புள்ள" என்று குறை சொன்னார். "போன கெழம வெயிலு நானா" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

அன்னலட்சுமி வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"சொல்லிப்போட்டன் சுந்தரி. இப்பதான். ரபீகாவைக் கேட்டுப் பார்."

சுந்தரி கையிலிருந்த கரண்டியைத் தூளில் குத்தி நிறுத்தினாள்.

"நம்புனாங்களா?"

அன்னலட்சுமி தலையை அசைத்தாள். இல்லை.

சுந்தரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். மழை விடுமா விடாதா என்று மேகத்தைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

"கைய நீட்டுங்க" என்றாள்.

நீட்டினாள். ஒரு சிட்டிகை விழுந்தது. நாக்கில் வைத்ததும் மல்லி முதலில் வந்தது, பிறகு மிளகு, கடைசியில் தொண்டைக்கு இறங்கும்போது மிளகாய். கண் நிறைந்து வழிந்தது. காரம்தான் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

"எவ்வளவு போட?"

"அரைக்கிலோ" என்றாள் அன்னலட்சுமி.

சுந்தரி நிறுத்து, கடதாசிப் பையில் கொட்டி, வாயை மடித்து நீட்டினாள். பின்னால் நின்ற ஆசிரியை அதற்குள் கையை நீட்டிவிட்டாள். சுந்தரி அவளுடைய உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்தாள்.